வீட்டுத் தோட்டத்தில் ஒரு பறவைக் கூடம்

பொங்கல் விழாவன்று சங்க மண்டபத்தில் சாப்பாட்டுப் பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது, புதிதாக நாக்பூருக்கு மாற்றலாகி வந்திருக்கும் இளம் அன்பர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "சார், உங்க வீட்ல பெரிய பறவைக் கூண்டு இருக்காமே. நானும் மொட்டை மாடியில ஒண்ணு போடலாம்னு இருக்கேன். தகர ஷீட் வாங்கியாச்சு. மார்ச்சுல வேலை ஆரம்பம்" என்றார். தகர ஷீட், மொட்டை மாடி, மார்ச் மாதம் என்று மூன்றையும் ஒரே மூச்சில் அவர் சொன்னதும் எனக்கு வாயிலிருந்த வெற்றிலை இறங்கவில்லை. அங்கேயே அரைமணி நேரம் நின்று பேசினேன். அருகில் கேட்டுக்கொண்டிருந்த நம் பத்திரிகை ஆசிரியர், "இதை எழுதிக் கொடுத்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டார். ஆகவே இந்தக் கட்டுரை.

என்னைப் பற்றி ஒரு வரி. சிவில் டிப்ளமா முடித்து ரயில்வேயில் பி.டபிள்யூ.ஐ.யாகச் சேர்ந்தவன். அதாவது தண்டவாளம், கட்டை, ஜல்லி இவற்றின் காவல்காரன். 2019-ல் ஓய்வு பெற்றேன். கூடம் கட்டியதில் ரயில்வே சாமான் ஒரு போல்ட்கூட இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நண்பர்கள் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

நான் கட்டியது ஒன்றல்ல, இரண்டு. முதலாவது இப்போது இல்லை. அது ஏன் இல்லை என்பதைச் சொன்னால்தான் இரண்டாவதை ஏன் இப்படிக் கட்டினேன் என்பது விளங்கும்.

குவார்ட்டர்ஸில் இருந்த காலத்திலேயே என் மனைவி இரண்டு ஜோடி பட்ஜரிகர் வளர்த்து வந்தாள். நம் ஊரில் இவற்றை 'லவ் பேர்ட்ஸ்' என்று சொல்லிச் சொல்லி அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது, உடல் கொஞ்சம் கட்டையானது, குணமும் முரட்டுக் குணம். பட்ஜரிகர் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட புல்வெளிப் பறவை. ஜான் கூல்ட் என்ற பறவையியலார் 1840-ல் இங்கிலாந்துக்கு உயிருடன் கொண்டுவந்த பிறகுதான் உலகெங்கும் வீடுகளில் புகுந்தது. சொந்த வீடு கட்டி வந்ததும் மனைவி கேட்டது ஒன்றே ஒன்றுதான். இவை இறக்கையை விரித்துப் பறக்கிற மாதிரி ஓர் இடம்.

2019 டிசம்பரில் முதல் கூடத்தைக் கட்டினேன். மேற்குக் காம்பவுண்டு சுவரை ஒட்டிக் கட்டினால் ஒரு பக்கச் சுவர்ச் செலவு மிச்சம் என்று கணக்குப் போட்டேன். பூனைக்குப் பயந்து இன்னும் இரண்டு பக்கங்களுக்கும் செங்கல் சுவர். முன்பக்கம் மட்டும் கம்பி வலை. மேலே கால்வனைஸ் ஷீட். பாலத்துக்குக் கட்டுகிற மாதிரி உறுதி. பார்த்தவர்களெல்லாம் "ரயில்வேக்காரர் வேலைன்னா சும்மாவா" என்றார்கள். அதில் 20 பட்ஜரிகர், 4 காக்கடீல் விட்டோம்.

2020 மே கடைசி வாரம் விதர்பா முழுவதும் அனல் காற்று. நாக்பூரில் வெயில் 46-ஐத் தாண்டிவிட்டது. ஊரடங்குக் காலம். அன்று மதியம் ஒன்றரை மணி நேரம் மின்சாரம் போய், கூடத்துக்கு எதிரே வைத்திருந்த கூலர் நின்றது. நாங்கள் வீட்டுக்குள் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தோம். நாலரை மணிக்கு மனைவி தண்ணீர் மாற்றப் போனாள். 14 பறவைகள் போய்விட்டிருந்தன. காக்கடீல் நான்கும், முட்டையின் மேல் உட்கார்ந்திருந்த 5 பெட்டைகளும் அதில் சேர்த்தி. அந்த ஐந்தும் கலயத்தை விட்டு வெளியே வரவே இல்லை. மிஞ்சிய பத்தும் தரையில், தண்ணீர் போகும் துவாரத்தின் அருகே, வாயைத் திறந்துகொண்டு கூட்டமாகக் கிடந்தன.

மறுநாள் அதே நேரத்துக்கு ஒரு வெப்பமானியை ஷீட்டுக்கு ஒரு அடி கீழே, உட்காரும் கொம்புகளின் உயரத்தில் தொங்கவிட்டுப் பார்த்தேன். 51 டிகிரி. தரையில் வைத்தேன். 43. சூடான காற்று மேலே ஏறி நிற்கும், வெளியேற வழி வேண்டும் என்பது டிப்ளமா முதல் வருஷப் பாடம். அது மட்டுமா, கோடையில் தண்டவாளத்தின் சூடு ஓர் அளவைத் தாண்டினால் கேங்மேன்களை வெயில் ரோந்துக்கு அனுப்புவது என் வேலை. காற்றில் 45 என்றால் இரும்பில் 60-க்கு மேல் போகும் என்று முப்பது வருஷம் டைரியில் எழுதியவன் நான். அதே இரும்பை 24 உயிர்களின் தலைக்கு மேல் போட்டிருக்கிறோம் என்பது தோன்றவில்லை.

மனைவி அழவில்லை. "மார்ச்சுலயே சொன்னேனே, உள்ள போனா மூச்சு முட்டுதுன்னு" என்றாள். சொல்லியிருந்தாள். ஒரு தடவையல்ல, மூன்று தடவை. கிழக்குப் பக்கம் ஒரு ஜன்னலாவது வையுங்கள் என்றும் கேட்டிருந்தாள். தினமும் உள்ளே போய்த் தீனி வைக்கிறவள் அவள். வெளியே நின்று வேலைத் திறத்தை ரசிக்கிறவன் நான். "சுவரை இடித்தால் பலம் போய்விடும்" என்று பதில் சொன்னதாக ஞாபகம். ஜூனில் மழை வந்ததும் அந்தக் கூடத்தை நானே கடப்பாரை எடுத்து இடித்தேன்.

இனி இரண்டாவது கூடம். 2020 நவம்பரில் தொடங்கி ஜனவரியில் முடித்தது.

முதலில் இடம். வீட்டின் கிழக்குப் பக்கம், சுவரிலிருந்து 3 அடி தள்ளி. காலை வெயில் நேராக விழும். பறவைக்கு அது அவசியம். மதியம் ஒரு மணிக்கு மேல் வீட்டின் நிழலே கூடத்தின் மேல் விழுந்துவிடும். காசு கொடுக்காமல் கிடைக்கும் கூலர் இது. மரத்தடிதான் சிறந்த இடம் என்று பலர் நினைக்கிறார்கள். நிழலுக்கு நல்லதுதான். ஆனால் கிளையில் வந்து உட்காரும் காக்கை, புறாவின் எச்சம் நேராக உள்ளே விழும். நோய் வரும் வழிகளில் அது முக்கியமானது. பூனை இறங்குவதற்கும் கிளை ஏணியாகும். மரம் சற்றுத் தள்ளி இருந்து அதன் நிழல் மட்டும் விழுந்தால் போதும். மொட்டை மாடி பற்றிக் கேட்ட அன்பருக்கு என் பதில்: நாக்பூரில் வேண்டாம். காங்கிரீட் தளம் பகலெல்லாம் குடித்த சூட்டை இரவு பத்து மணி வரை கக்கிக்கொண்டிருக்கும். மேலிருந்தும் கீழிருந்தும் வாட்டினால் பறவை எங்கே போகும்?

அளவு: நீளம் 12 அடி, அகலம் 6 அடி, உயரம் தாழ்ந்த பக்கம் 7, உயர்ந்த பக்கம் 8. பறவை ஹெலிகாப்டர் அல்ல. அது குறுக்காகப் பறக்கும், நேராக மேலே ஏறாது. எனவே பணம் இருந்தால் நீளத்தில் போடுங்கள், உயரத்தில் போடாதீர்கள். கோபுரம் மாதிரி உயர்ந்து நிற்கும் கூண்டுகள் பார்க்கத்தான் அழகு. மனிதன் நிமிர்ந்து நின்று பெருக்குவதற்கு 7 அடி போதும்.

அஸ்திவாரத்தில் எதிரி பெருச்சாளி. ஒன்றரை அடி ஆழம் வாய்க்கால் தோண்டி, 1:4:8 கலவையில் அடிக் காங்கிரீட் போட்டு, அதன் மேல் செங்கல் வரிசை, தரைக்கு மேல் ஒன்றரை அடி வரை. உள்ளே மண் தரை இயற்கையாக இருக்கும் என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். மண்ணில் எச்சமும் சிந்திய தீனியும் சேர்ந்து பூஞ்சையும் புழுவும் பிடிக்கும்; கழுவவும் முடியாது. மூன்று அங்குலக் காங்கிரீட் போட்டு, பூச்சு வேலையில் 40-க்கு 1 என்ற சரிவு கொடுத்தேன். 6 அடி அகலத்துக்கு சுமார் 2 அங்குல இறக்கம். தண்ணீர் போகும் துவாரத்துக்கு இரும்பு வலை மூடி கண்டிப்பாக வேண்டும். எலி வருவது பெரும்பாலும் அதன் வழியாகத்தான்.

சட்டத்துக்கு ஒன்றரை அங்குலச் சதுரக் குழாய். இத்வாரி இரும்புக் கடைத்தெருவில் எடையில் கிடைக்கும். மரச்சட்டம் செலவு குறைவுதான். ஆனால் வெளியே எலியும் உள்ளே கிளி இனத்தின் அலகுமாகச் சேர்ந்து இரண்டு வருஷத்தில் முடித்துவிடும். வெல்டிங் முடிந்ததும் பெயிண்ட் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. எங்கள் காலத்தில் பாலத்து இரும்புக்கு முதல் கோட்டாக அடித்தது சிவப்பு ஈயப் பூச்சு. துருவுக்கு அது எமன். பறவைக்கும் எமன். கிளி இனம் எதையும் அலகால் சுரண்டிப் பார்க்கும். ஈயம் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வந்து விழும். இந்தியாவில் வீட்டு உபயோகப் பெயிண்டுகளில் ஈயம் 90 பி.பி.எம். அளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2016-ல் விதி வந்திருக்கிறது. ஆகவே டப்பாவின் மேல் ஈயமற்றது என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். பழைய கொட்டகையில் கிடந்த டப்பாவை எடுத்து அடிக்காதீர்கள். அடித்தபின் வாசனை முழுதும் போகும் வரை பறவையை விடக் கூடாது.

கம்பி வலையில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். அறுகோணக் கண் உள்ள கோழி வலை மலிவு. பூனை இரண்டு நாள் முயன்றால் கிழித்துவிடும். வாங்க வேண்டியது அரை அங்குலச் சதுரக் கண் உள்ள வெல்டு மெஷ், 18 கேஜ் கம்பி. அதிலும் வெல்டு செய்தபிறகு துத்தநாகத்தில் முக்கியது நல்லது. முன்பே முலாம் பூசிய கம்பியை வெல்டு செய்தால் ஒவ்வொரு முடிச்சிலும் பூச்சு உரிந்திருக்கும். எப்படி இருந்தாலும் புதுக் கம்பியில் துத்தநாகப் பொடியும் சொட்டு சொட்டான பிசிறும் ஒட்டியிருக்கும். கம்பியைப் பிடித்து ஏறும் பறவை அதைக் கொறித்துத் தின்று நஞ்சேறிச் சாகும். வலையை விரித்துப் போட்டு, வினிகர் கலந்த தண்ணீரில் முரட்டுப் பிரஷ்ஷால் தேய்த்து, கழுவி, ஒரு மாதமாவது வெயிலிலும் பனியிலும் கிடக்கவிட்டேன். துருப்பிடிக்காத எஃகு வலை என்றால் இந்தக் கவலை இல்லை, பணக் கவலை உண்டு.

வலை இரண்டு அடுக்கு. சட்டத்தின் உட்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று, நடுவில் ஒன்றரை அங்குல இடைவெளி. வீண் செலவு என்று தோன்றும். இரவில் பறவை வலையைப் பற்றிக்கொண்டு தொங்கும். வெளியிலிருந்து பூனையோ, பகலில் வல்லூறோ ஓர் அடி அடித்தால் காலே போய்விடும். இடைவெளி இருந்தால் நகம் எட்டாது. அடிப்பகுதி மூன்று அடிக்கு மட்டும் வெளி வலையைக் கால் அங்குலக் கண்ணாகப் போட்டேன். அது பாம்புக்கு. அரை அங்குலத்தில் சிறு பாம்பு புகுந்துவிடும். என்னோடு வேலை பார்த்த நண்பர் வீட்டில் ஒன்று அப்படிப் புகுந்து ஒரு குஞ்சை விழுங்கிவிட்டு, வயிறு உப்பியதால் வெளியேற முடியாமல் காலையில் வலையில் மாட்டிக்கொண்டு கிடந்தது. இருவருக்குமே நஷ்டம்.

இன்னொரு சிறு விஷயம். வலைக்குக் கறுப்பு வண்ணம் அடியுங்கள். பளபளக்கும் வலை கண்ணைக் கூசி, உள்ளே பறவையைப் பார்க்கவிடாது. கறுப்பு அடித்தால் வலையே இல்லாதது போல் தெரியும். நான் நம்பாமல் ஒரு பலகையை மட்டும் அடித்துப் பார்த்தேன். மனைவி மற்ற எல்லாவற்றையும் அன்றே அடிக்கச் சொன்னாள்.

இப்போது கூரை. 12 அடியில் 8 அடி மூடியது, தெற்குக் கோடி 4 அடி திறந்த வலை. மூடிய பகுதியில் இரண்டு கூரைகள். கீழே மூங்கில் பாய். அதற்கு மேல் 4 அங்குலம் விட்டு ஷீட். நடுவில் காற்று ஓடும். ஷீட்டின் மேல் ஒவ்வொரு மார்ச்சிலும் சுண்ணாம்பு அடித்துவிடுகிறேன். மேற்கே உயர்ந்த பக்கத்தில் கூரைக்குக் கீழ் ஓர் அடி உயரத்துக்கு முழு நீளமும் வலை. சூடான காற்று அதன் வழியே தானே வெளியேறும். இரண்டு கூரைக்கும் நடுவில் உள்ள சந்தை மெல்லிய வலையால் அடைக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் எலி குடும்பம் நடத்தும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் சும்மா கிடைக்கிறது என்று யாராவது கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதை அறுக்கும்போது எழும் தூள் நம் நுரையீரலுக்கு ஆகாது.

வடக்குப் பக்கம் மட்டும் முழுச் சுவர். டிசம்பர், ஜனவரியில் வரும் குளிர்க் காற்று அந்தத் திசையிலிருந்துதான். மற்ற பக்கங்களுக்கு மழைக்கும் குளிருக்கும் சுருட்டி இறக்கும் தார்ப்பாய். நம் பழைய பாசஞ்சர் வண்டி ஜன்னல் ஷட்டரைப் போல, தேவையென்றால் இறக்கு, இல்லையென்றால் ஏற்று.

கதவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முதல் கூடத்தில் ஒரே கதவு. ஒருநாள் தண்ணீர்க் குடத்துடன் நுழையும்போது ஒரு பச்சைப் பட்ஜரிகர் தலைக்கு மேல் பறந்து வேப்பமரத்தில் உட்கார்ந்தது. ஐந்து நிமிஷத்தில் காக்கைகள் சூழ்ந்துகொண்டன. அதற்குமேல் எழுத வேண்டாம். ரயில்வேயில் லெவல் கிராசிங் கேட் மூடிப் பூட்டாமல் சிக்னல் இறங்காது. அதே முறையை இங்கே வைத்தேன். வெளிக்கதவுக்கும் உள்கதவுக்கும் நடுவில் மூன்றடிக்கு மூன்றடி வலை அறை. வெளிக்கதவை மூடிக் கொண்டி போட்டபின்தான் உள்கதவைத் திறப்பது. இரண்டும் ஸ்பிரிங் கீல், தானே மூடிக்கொள்ளும். உள்கதவின் உயரம் நாலரை அடி மட்டுமே. பயந்த பறவை மேல்நோக்கித்தான் பறக்கும். கதவு தாழ்வாக இருந்தால் அதன் வழியே வராது. நாம்தான் குனிய வேண்டும். இந்த வயதில் முதுகுக்குக் கொஞ்சம் சிரமம்.

உள்ளே உட்காருவதற்குக் கொய்யா, வேம்பு, முருங்கைக் கொம்புகள். கடையில் விற்கும் ஒரே பருமனான உருட்டுக் கட்டை வேண்டாம். எப்போதும் ஒரே இடத்தில் அழுத்தி உள்ளங்காலில் புண் வரும். சுண்டுவிரல் பருமனிலிருந்து கட்டைவிரல் பருமன் வரை கலந்து, நீளத்தின் இரு கோடியிலும் மட்டும் கட்டுங்கள், நடுவில் பறக்க இடம் இருக்கட்டும். கொம்புக்கு நேர் கீழே தீனியோ தண்ணீரோ கூடாது. அரளி, ஊமத்தை, உண்ணிச்செடி இவற்றின் கொம்போ இலையோ அருகிலேயே வரக் கூடாது.

தீனி விஷயத்தில் தமிழர்களுக்கு ஒரு வசதி. இங்கே கடையில் 'காங்னி' என்று விற்பது நம் தினைதான். 'பாஜ்ரா' நம் கம்பு. இரண்டையும் கலந்து, கூடவே கொத்துமல்லி, முருங்கைக் கீரை தினமும் ஒரு கைப்பிடி. சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு. இங்கே நாட்டு மருந்துக் கடையில் 'சமுத்திர ஃபேன்' என்று கேட்டால் கொடுப்பார்கள்.

பட்ஜரிகரோடு காக்கடீல் சேர்ந்திருக்கும். சிட்டு போன்ற ஃபிஞ்சுகளை அவற்றோடு விடாதீர்கள், காலைக் கடித்துவிடும்; நான் நடுவில் ஒரு தடுப்பு வைத்துத் தனியாக விட்டிருக்கிறேன். லவ் பேர்டை எதனோடும் சேர்க்க வேண்டாம். முட்டையிடும் கலயங்களை ஜோடிகளின் எண்ணிக்கையைவிட அதிகமாக, எல்லாம் ஒரே உயரத்தில் கட்ட வேண்டும். ஒன்று உயரத்தில் இருந்தால் எல்லாப் பெட்டையும் அதற்கே சண்டை போடும். மார்ச் பாதியில் கலயங்களை இறக்கிவிடுகிறேன். மறுபடி கட்டுவது மழை நின்றபின். இது ஏன் என்று மேலே சொன்னதே போதும்.

எந்தப் பறவையை வைக்கலாம் என்பதில் சட்டம் உண்டு. நம் பச்சைக்கிளி, மைனா, முனியா எதையும் கூண்டில் வைக்கக் கூடாது. 1972-ன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சந்தையில் முனியாவுக்குச் சாயம் பூசி வெளிநாட்டுப் பறவை என்று விற்பவர்களும் உண்டு. ஏமாறாதீர்கள். வெளிநாட்டுப் பறவைகளிலும், உலக வணிக ஒப்பந்தப் பட்டியலில் உள்ளவற்றை வைத்திருந்தால் 2024-ல் வந்த விதிகளின்படி அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். பட்ஜரிகர், காக்கடீல், ரோஜா முக லவ் பேர்ட் இந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் ஃபிஷர் லவ் பேர்ட், ஜாவா சிட்டு உண்டு. புதிதாகத் தொடங்குகிறவர்கள் பட்ஜரிகரோடு நிறுத்திக்கொண்டால் நல்லது. புதுப் பறவை வாங்கினால் 30 நாள் தனிக் கூண்டில் வைத்துப் பார்த்தபின்தான் கூட்டத்தில் விட வேண்டும்.

பெருக்கும்போது தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு, மூக்கைக் கட்டிக்கொண்டு பெருக்குங்கள். காய்ந்த எச்சத்தின் தூள் மூலம் கிளிக்காய்ச்சல் மனிதருக்கும் தொற்றும். எங்கள் கூடம் முடிந்த 2021 ஜனவரியில்தான் பர்பணிப் பக்கம் பறவைக் காய்ச்சல் வந்தது. மூன்று மாதம் தாமதமாகத்தான், அதுவும் திறந்த கூரைக்கு மேல் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஷீட் போட்டபின்தான், மிஞ்சிய பத்தையும் உள்ளே விட்டோம். அதுவரை அவை எங்கள் ஹாலில் இருந்தன. தொலைக்காட்சிச் செய்தி ஒருநாள்கூடக் காதில் விழவில்லை.

கோடைக்கு நான் செய்வது. ஏப்ரல் முதல் வெட்டிவேர்த் தட்டியும் கோணிப் படுதாவும் தெற்கு, கிழக்குப் பக்கங்களில் தொங்கும். கூலருக்கு விற்கும் சிறிய பம்ப்பை வைத்து மேலே துளையிட்ட குழாய் வழியாகத் தண்ணீர் சொட்டும். மின்சாரம் போனால் வாளியால் ஊற்றினாலும் அதே வேலை நடக்கும். மின்சாரத்தை நம்பி உயிரை வைக்காதே என்பது 2020-ல் படித்தது. ஒரு பக்கம் ஈரப் படுதா, எதிர்ப்பக்கம் திறந்த வலை, இந்த இரண்டும் சேர்ந்தால்தான் குளிர்ச்சி. சென்னையிலிருந்து வந்த என் மைத்துனர் இதைப் பார்த்துவிட்டுத் தன் வீட்டிலும் செய்யப் போவதாகச் சொன்னார். செய்யாதீர்கள் என்றேன். இங்கே மே மாதக் காற்று பொரித்த அப்பளம் மாதிரி வறண்டது, ஈரத்தை உறிஞ்சும்போது குளிரும். கடற்கரைக் காற்றில் ஏற்கெனவே ஈரம்; அங்கே நிழலும் காற்றோட்டமும்தான் மருந்து. இங்கேயும் ஜூலையில் படுதாவை எடுத்துவிட வேண்டும்.

பறவைக்கு வியர்க்காது. அலகைத் திறந்து மூச்சிரைத்து, இறக்கையை உடம்பிலிருந்து தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் சூடு தாங்கவில்லை என்று அர்த்தம். அதைப் பார்க்க மதியம் 2 மணிக்கும் 4 மணிக்கும் யாராவது போக வேண்டும். எங்கள் வீட்டில் இந்த வெயில் ரோந்து என் பொறுப்பு. வெப்பமானி கொம்பின் உயரத்தில் நிரந்தரமாகத் தொங்குகிறது, பக்கத்தில் டைரி. வெளியே 45 இருந்த நாளிலும் உள்ளே 38-க்கு மேல் போனதில்லை. இந்தக் கூடத்தில் வெயிலுக்கு இதுவரை ஒரு பறவையையும் கொடுக்கவில்லை. வயதாகியும், ஒரு தடவை முட்டை அடைத்துக்கொண்டும் போனவை உண்டு.

செலவு எனக்கு அப்போது 48 ஆயிரம் ஆயிற்று, இன்று கூடுதலாகும். ஆள் கூலி அதில் பாதிக்குப் பக்கம். செலவைக் குறைக்க வேண்டுமென்றால் நீளத்தை 8 அடியாக்குங்கள், பறவையைக் குறையுங்கள். இரட்டை வலையிலும் இரட்டைக் கதவிலும் இரட்டைக் கூரையிலும் கை வைக்காதீர்கள். எனக்கு 12-க்கு 6 அடியில் ஃபிஞ்சுத் தடுப்பு போக 8 ஜோடி பட்ஜரிகர், 2 ஜோடி காக்கடீல். குஞ்சுகள் கூடினால் கூட்டம் பார்க்காமல் கொடுத்துவிடுகிறோம். நம் சங்கத்தில் மூன்று வீடுகளில் எங்கள் பறவைகள் இருக்கின்றன.

மாடிக்காகத் தகர ஷீட் வாங்கிய அன்பர் சென்ற வாரம் வந்து பார்த்தார். அவர் குடியிருப்பது தரைத்தளம். பின்பக்கம் வடகிழக்கு மூலையில் சிறிது இடம் இருக்கிறதாம். வேலையை அக்டோபருக்குத் தள்ளிவைத்திருக்கிறார். ஷீட்டைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்றார். மேல் கூரைக்கு ஆகும், கீழே மூங்கில் பாய் போடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

அளவுகளோடு வரைந்த படத்தைச் சங்க நூலகத்தில் கொடுத்து வைத்திருக்கிறேன். வேண்டியவர்கள் நகல் எடுத்துக்கொள்ளலாம். நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் ஞாயிறு காலை வரலாம். வெளிக்கதவின் கொண்டியைப் போட்டுவிட்டு உள்கதவைத் திறக்கவும். குழந்தைகளுடன் வருகிறவர்கள் என் மனைவியிடம் கேட்டுவிட்டு உள்ளே போவது நல்லது; கூடத்தின் சாவி அவளிடம்தான்.